காவேரிப்பாக்கம் ஏரியில் வாரம் ஒரு மாலை தாருங்கள்

மதிப்பிற்குரிய ராணிப்பேட்டை மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், நீர்வளத் துறைப் பொறியாளர்களுக்கும், காவேரிப்பாக்கம் ஏரித் தண்ணீரை நம்பிப் பயிர் வைக்கும் விவசாயப் பெருமக்களுக்கும், அதே ஏரியில் வலை போட்டுப் பிழைக்கும் மீனவ அண்ணன் தம்பிகளுக்கும்,

வணக்கம்.

நான் ஆற்காட்டுக்காரன். ராணுவப் பொறியாளர் படையான மதராஸ் சாப்பர்ஸ் பிரிவில் இருபத்து நாலு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். பருவமழை முடிந்து ஏரியில் தண்ணீர் நிற்கும் மாதங்களில், வாரத்துக்கு ஒரு வேலை நாள் சாயங்காலம், ஒரு மணி நேரம், நம் பள்ளிப் பிள்ளைகள் சின்னப் பாய்மரப் படகுகளில் பந்தயம் விட அந்த ஏரியில் இடம் கேட்டு இதை எழுதுகிறேன்.

படகு என்றதும் பெடல் போட், டிக்கெட் கவுண்டர், கரையெல்லாம் பிளாஸ்டிக் கப் என்றுதான் யாருக்கும் தோன்றும். நான் கேட்பது அது இல்லை. பந்தயப் படகில் எஞ்சின் கிடையாது, கூட்டம் கிடையாது, கட்டடம் கிடையாது. எட்டுப் பத்து படகு, அதே அளவு பிள்ளைகள், தண்ணீரில் இரண்டு மூன்று மிதவை, கரையில் ஒரு விசில், ஒரு கடிகாரம். இருட்டுவதற்குள் படகைத் தூக்கிக் கரையில் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம்.

பாய்மரம் எனக்குப் பழக்கமானது பெங்களூரு அல்சூர் ஏரியில். எங்கள் படையின் தலைமையிடம் அந்த ஏரியை ஒட்டித்தான் இருக்கிறது. படையில் எங்களைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். மதராஸ் சாப்பர் என்றாலே தம்பிதான். நீச்சல் தெரியுமா என்று ஒரு ஹவில்தார் கேட்டார். பாலாற்று மணலில் வளர்ந்தவனுக்கு நீச்சல் எங்கே தெரியும்? தெரியாது என்றேன். முதலில் நீச்சல், பிறகு துடுப்பு, பிறகு ஒருநாள் நீலப் பாய் கட்டிய எண்டர்பிரைஸ் என்கிற சின்னப் பாய்மரப் படகில் ஏற்றிவிட்டார். அன்று மூன்று தடவை கவிழ்ந்தேன். கவிழ்ந்த படகின் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையில் ஏறி நின்று, உடம்பைப் பின்னால் சாய்த்தால், பாய் தண்ணீரை உதறிக்கொண்டு மெல்ல எழுந்திருக்கும். மூன்றாவது தடவை அதை நானே தூக்கி நிறுத்தினேன். பட்டாளத்தில் எத்தனையோ செய்திருக்கிறேன், அந்த நிமிடம் போல ஒன்று எனக்குக் கிடைத்ததில்லை.

இதைச் சொல்வது என் பெருமைக்காக இல்லை. எங்கள் மண்ணில் பிறந்தவன் பாய்மரத்தைத் தொட வேண்டுமானால் பட்டாளத்துக்குப் போக வேண்டியிருந்தது என்பதற்காகச் சொல்கிறேன். இன்றும் நிலைமை அதுதான். விஷ்ணு சரவணன் என்ற பெயரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். வேலூர்க்காரர். 2019ல் குரோஷியாவின் ஸ்பிளிட் நகரில் 21 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் வெண்கலம் வாங்கினார். டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் ஓட்டினார். 2023ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் வெண்கலம். அவரும் ராணுவ வீரர், அவருடைய தந்தையும் ராணுவத்துப் பாய்மர வீரர். பயிற்சி மும்பைக் கடலில். கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் உள்ள வட்டாரம் இது. பட்டாளத்துக்குப் போகாத வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கதவு எங்கே இருக்கிறது? சென்னைத் துறைமுகத்தில் 1911லேயே தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. ஒலிம்பிக்கில் பாய்மரம் ஓட்டிய நேத்ரா குமணனைப் போன்றவர்கள் சென்னையிலிருந்து வந்தார்கள், சந்தோஷம். ஆனால் காவேரிப்பாக்கத்திலிருந்து ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை பள்ளி விட்டுச் சென்னைத் துறைமுகம் போய்த் திரும்ப முடியாது.

கடல் இல்லாத ஊருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு போபாலைக் காட்டுவேன். சமுத்திரத்திலிருந்து எத்தனை தூரம் அந்த ஊர்! அங்கே இருப்பது பதினோராம் நூற்றாண்டில் போஜராஜன் கட்டியதாகச் சொல்லப்படும் பெரிய ஏரி. அந்த ஏரிக்கரைப் பள்ளியில் பழகிய நேஹா தாகூர் என்ற விவசாயி மகள் அதே ஹாங்சோவில் வெள்ளி வாங்கினாள். ஹைதராபாத் ஹுசைன் சாகரும் மனிதர் வெட்டிய ஏரிதான், அங்கேயும் பாய்மரம் ஓடுகிறது. மன்னர் கட்டிய ஏரி எங்களுக்கும் இருக்கிறது. தெள்ளாறெறிந்த நந்திவர்மன் என்ற பல்லவ மன்னன் காலத்து ஏரி, பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் வாங்கும் ஏரி. நிரம்பினால் முப்பது அடி ஆழம், நாலாயிரம் ஏக்கரை ஒட்டிய பரப்பு. கரையைக் கடைசி வரை நடந்து பார்க்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2021 நவம்பரில் பாலாற்றில் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் வந்தபோது அந்தக் கரைமேல் நின்று பார்த்தேன். எதிர்க்கரை தெரியவில்லை. அலை வந்து கல்லில் மோதிக்கொண்டிருந்தது. அல்சூர் ஏரி இதில் ஒரு மூலைக்குக் காணாது.

இனி வாரம் ஒரு மாலை என்று ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் மகளுக்குப் பிரசவம் பார்க்க நானும் என் வீட்டம்மாவும் அமெரிக்காவில் பாஸ்டனுக்குப் போனோம். அங்கே ஊருக்கு நடுவே சார்லஸ் ஆறு. 1910ல் அணை கட்டித் தேக்கியதால் அது இப்போது ஆறு பாதி, ஏரி பாதி. கரையிலேயே பொதுமக்களுக்கான படகுத்துறை ஒன்று. அனைவருக்கும் பாய்மரம் என்பதுதான் அவர்கள் கொள்கை. ஜூன் மாதம் அங்கே எட்டரை மணி வரை வெளிச்சம் இருக்கும். பேத்தியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் அந்த ஆற்றோரம் நடப்பேன். ஆபீஸ் சட்டையோடு ஒருவர் சைக்கிளில் வந்து இறங்குவார். டையைக் கழற்றிப் பைக்குள் வைப்பார். ஐந்தாவது நிமிடம் தண்ணீரில் இருப்பார். பின்னாலேயே எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர், கூடவே பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை. இரண்டு பேரும் ஒரே படகு. வேலை நாள் மாலைப் பந்தயம் என்பது அந்த நாட்டில் ஊருக்கு ஊர் நடக்கும் பழக்கமாம். கோப்பை கிடையாது, பரிசு கிடையாது. யார் வந்தாலும் படகில் ஒரு இடம் உண்டு. முடிந்ததும் ஆளுக்கு ஒரு பீர் குடிப்பதால் பீர் கேன் ரேஸ் என்றே பெயர் வந்துவிட்டது. நமக்கு அது வேண்டாம், அவித்த மல்லாட்டையும் டீயும் போதும்.

நான் கவனித்தது வேறு. கடைசியாக வந்த படகை முதலில் வந்தவர் போய்ப் பிடித்து இழுத்துக் கரையேற்றினார். ஏற்றிக்கொண்டே, இரண்டாவது மிதவையில் எங்கே காற்றை விட்டாய் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். அடுத்த வாரம் அதே பையன் கடைசியில் வரவில்லை. வருடத்துக்கு ஒரு பெரிய போட்டி வைத்து மேடை போட்டு மாலை சூட்டினால் இது நடக்காது. வாரா வாரம், தோற்றாலும் பரவாயில்லை என்கிற இடத்தில்தான் பிள்ளை கற்றுக்கொள்ளும். நாங்கள் அல்சூரில் தேறியதும் அப்படித்தான்.

இந்தப் பந்தயத்தைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். ஓட்டப்பந்தயம் போல கோட்டில் கால் வைத்து நிற்க முடியாது, தண்ணீரில் படகு நிற்காது. அதனால் ஐந்து நிமிடம் முன்னாலேயே கொடி ஏற்றி ஊதுவார்கள். நாலு நிமிடம் இருக்கையில் இன்னொரு ஊதல், ஒரு நிமிடத்தில் இன்னொன்று. அந்த ஐந்து நிமிடமும் படகுகள் கோட்டுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டே இருக்கும். கடைசி ஊதலுக்குச் சரியாகக் கோட்டைத் தொட வேண்டும்; ஒரு நொடி முந்தினால் திரும்பி வந்து மறுபடி கிளம்ப வேண்டும். முதல் மிதவை பெரும்பாலும் காற்று வரும் திசையிலேயே இருக்கும். காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாய்மரமும் போகாது. இடமும் வலமுமாக வெட்டி வெட்டித்தான் ஏற வேண்டும். எந்தப் பக்கம் முதலில் வெட்டுவது, எப்போது திரும்புவது என்று அந்தப் பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும். கரையிலிருந்து யாரும் கத்திச் சொல்ல முடியாது, கேட்காது. தண்ணீரின் மேல் கருப்பாக ஒரு சுருக்கம் ஓடி வரும். அதுதான் காற்று. அதைப் பார்த்துக் கண்டுபிடிக்கப் பழகிய பிள்ளை பிறகு எந்தத் தண்ணீரையும் சும்மா பார்க்காது.

இன்னொன்று. வலப்பக்கம் காற்று வாங்கி வரும் படகுக்கு, இடப்பக்கம் காற்று வாங்கும் படகு வழிவிட வேண்டும். விடாமல் தடுத்துவிட்டால் தண்டனையை நடுவர் தர வேண்டியதில்லை. தப்பு செய்தவனே விலகிப்போய் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி சேர்ந்துகொள்வான். மிதவையை இடித்தால் ஒரு சுற்று. யாரும் பார்க்காவிட்டாலும் சுற்ற வேண்டும். பத்து வயதுப் பையன் ஒருவன், முதலிடத்தில் இருந்தவன், மிதவையை உரசிவிட்டுத் தானாகவே ஒரு சுற்றுச் சுற்றி நாலாவதாக வந்ததை அந்தச் சார்லஸ் ஆற்றில் பார்த்தேன். அன்றிரவு மகளிடம் இதை மட்டும் மூன்று தடவை சொன்னேனாம்.

பாஸ்டன் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது, தெரியும். அவர்களுக்குக் கோடை, நமக்கு அது ஆகாது. சித்திரை வைகாசியில் ஏரித் தண்ணீர் இறங்கிவிடும், வெயிலும் பிள்ளையை வாட்டிவிடும். ஆடியில் காற்று கிடைக்கும், தண்ணீர் கிடைக்காது. நமக்குப் பொங்கல் முடிந்து பங்குனி பிறக்கும் வரைதான் பருவம். தையில் ஆறு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும், மார்ச் நடுவில் ஆறு இருபது. நாலேகாலுக்குப் பள்ளி விட்டால் நாலே முக்காலுக்குக் கரையில். ஐந்து மணிக்கு முதல் ஊதல், கால் மணி நேரப் பந்தயமாக இரண்டு, ஐந்தே முக்காலுக்கு எல்லாப் படகும் கரையில். அவர்களுடைய நீண்ட மாலை நமக்கு இல்லை, குட்டையான மாலையே போதும்.

விவசாயிகளே, உங்கள் கவலை தண்ணீர். பாய்மரம் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காது, எண்ணெய் சிந்தாது. மதகுகளின் பக்கம் படகு வராது, அங்கே மிதவை கட்டி எல்லை போட்டுவிடலாம். உங்கள் நாற்றுக்கு எப்போது தண்ணீர் திறந்தாலும் எங்களைக் கேட்க வேண்டியதில்லை. குறிப்பிட்ட அடிக்குக் கீழே ஏரி இறங்கினால் அந்த வருடப் பந்தயம் அன்றோடு முடிந்தது. அது எத்தனை அடி என்பதைப் பொறியாளர்களே சொல்லட்டும். பிள்ளைகள் படகுக்கு ஒரு மீட்டர் ஆழம் இருந்தால் ஓடும். கரை ஓரக் கல்லையும் சேதப்படுத்த மாட்டோம். நாலு பேர் கையால் தூக்கி இறக்கும் படகு, வண்டி கரைமேல் ஏறாது.

மீனவ அண்ணன் தம்பிகளே, உங்கள் விஷயம் கொஞ்சம் சிக்கல், அதை மறைக்க விரும்பவில்லை. நீங்கள் வலை விரிக்கப் போவதும் சாயங்காலம்தான். படகின் நடுப்பலகை தண்ணீருக்குள் இறங்கியிருக்கும், வலையில் மாட்டினால் வலையும் கிழியும் படகும் கவிழும். குத்தகைப் பணம் கட்டிக் குஞ்சு விட்டவர்கள் நீங்கள், முதல் உரிமை உங்களுடையது. எந்த இடத்தில், எந்த நாளில் நாங்கள் வரலாம் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நானூறு மீட்டர் நீளமும் இருநூறு மீட்டர் அகலமும் போதும். நாலாயிரம் ஏக்கரில் அது ஒரு திண்ணை அளவு. பாதுகாப்புப் படகை ஓட்டும் வேலையையும் உங்களில் ஒருவருக்கே கூலி கொடுத்துத் தர வேண்டும் என்பது என் ஆசை. எங்கே மரக்கட்டை மூழ்கிக் கிடக்கிறது, எங்கே சேறு என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?

அந்தப் பாதுகாப்புப் படகுக்கு மட்டும் ஒரு சின்ன எஞ்சின் வேண்டும், அதில் சமரசம் கிடையாது. காரணம் உண்டு. கரை ஏரிக்குக் கிழக்கே இருக்கிறது. தை மாசியில் கொண்டல், அதாவது கிழக்குக் காற்று, அடித்தால் காற்று கரையிலிருந்து ஏரிக்கு உள்ளே தள்ளும். கரையோரம் பார்த்தால் தண்ணீர் கண்ணாடி போல் இருக்கும், கரையும் பனைமரங்களும் மறைப்பதால். ஐம்பது அறுபது மீட்டர் தாண்டியதும் திடீரென்று காற்று பிடிக்கும். கவிழ்ந்த படகு கரைக்கு வராது, நடு ஏரிக்குப் போகும். அதனால் காப்பாற்றும் படகு கரையில் நிற்கக் கூடாது, பிள்ளைகளுக்கு அப்பால், ஏரியின் உட்பக்கம் நிற்க வேண்டும். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஒருவரும் இறங்கக் கூடாது, கரையில் நிற்கும் நான் உட்பட. நீச்சல் தெரியாத பிள்ளைக்கு முதல் வருடம் நீச்சல் மட்டும்.

என் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் ஒருவன் ஆறாம் வகுப்பு முடிக்கவில்லை. மழை நின்ற வாரம் குளிக்கப் போனான். மதகுக்குப் பக்கத்தில் சுழலில் சிக்கிவிட்டான். அவன் அம்மா அதற்குப் பிறகு எங்கள் தெருவில் எந்தப் பையனையும் ஏரிப் பக்கம் போகவிட மாட்டார். எங்களைக் கண்டால் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வார். இன்றும் ஏரி நிரம்பிய ஒவ்வொரு வருடமும் இப்படி ஒரு செய்தி எங்காவது வருகிறது. தண்ணீர்ப் பக்கம் போகாதே என்று அறிவிப்புப் பலகை வைத்துப் பார்த்துவிட்டோம். பிள்ளை போகத்தான் செய்கிறான். போகிறவனுக்குத் தண்ணீரைச் சொல்லித் தந்து, ஜாக்கெட் மாட்டி, பெரியவர்கள் கண் முன்னால் இறக்கிவிடலாம் என்கிறேன்.

படகுக்குப் பணம் எங்கே என்பீர்கள். பிள்ளைகள் ஓட்டும் ஆப்டிமிஸ்ட் என்கிற படகை 1947ல் அமெரிக்காவில் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் வரைந்தார். எட்டுக்கு நாலு அடி ப்ளைவுட் இரண்டு தகட்டில், தச்சு வேலை அதிகம் தெரியாத தகப்பனும் பிள்ளையும் வீட்டிலேயே செய்துகொள்ளும்படி வரைந்தது அது. ஏழே முக்கால் அடி நீளம், ஒரே பாய், முன்பக்கம் சப்பை. இன்று உலகமெல்லாம் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அதைத்தான் ஓட்டுகிறார்கள். என் வீட்டுக் கொல்லையில் அப்படி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறோம், எங்கள் தெரு ஆசாரியும் நானும். அடிப்பலகையை வளைக்க ஈரச் சாக்கைப் போட்டு ராத்திரி முழுக்கக் கல் ஏற்றி வைத்தோம். மறுநாள் காலையில் ஆசாரி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னா மிலிட்டரி சார், மாட்டுத் தொட்டியாட்டம் கீது?"

"அப்படித்தாம்பா இருக்கும். பாய் ஏறட்டும், அப்புறம் பாரு."

"தண்ணி உள்ள வராதா?"

"வரும். ஒரு சொம்பு கட்டி வைப்போம், மொண்டு ஊத்தணும்."

அவர் சிரிக்கவில்லை. மூலை மூலையாக விரலை விட்டுப் பார்த்து, இந்த இடத்தில் இன்னொரு கை பசை வைக்கணும் சார் என்று மறுபடி உட்கார்ந்துவிட்டார். கூலியை இதுவரை வாங்கிக்கொள்ளவில்லை. அவர் பேரன் ஏழாவது படிக்கிறான். படகில் முதலில் ஏறுவது அவன்தான் என்பது எங்கள் ஒப்பந்தம்.

அனுமதிக்காக நான் அலையாமல் இல்லை. ஒரு அலுவலகத்தில் இது சுற்றுலா விஷயம் என்றார்கள். அங்கே போனால் விளையாட்டு என்றார்கள். அதற்கு அடுத்த இடத்தில், மைதானத்தில் நடந்தால்தான் விளையாட்டு, ஏரி எங்களுடையது இல்லை என்று மனுவைத் திருப்பிக் கையில் கொடுத்தார்கள். யாரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்று ஒருவர் சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பேன், பதிலைத் திருத்திக்கொண்டு வந்திருப்பேன். ஆட்சியர் அவர்களே, அதனால்தான் எல்லோருடைய பெயரையும் ஒரே மடலில் சேர்த்து எழுதுகிறேன். நீங்கள் கூப்பிட்டால் ஒரே மேசையில் நாலு தரப்பும் உட்காரலாம். குளிர்காலத்தில் வரும் பறவைகள் எந்த மூலையில் தங்குகின்றன என்று தெரிந்தவர்களையும் கூப்பிடுங்கள், அந்த மூலையையும் விட்டுவிடுகிறோம். ஒரு பருவத்துக்கு மட்டும் அனுமதி தாருங்கள். எட்டு வாரம். ஒன்பதாவது வாரம் விவசாயிகளையும் மீனவர்களையும் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் நானே படகை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறேன்.

மார்கழிக்குள் படகு தயாராகிவிடும். தை பிறந்து வரும் இரண்டாவது புதன்கிழமை, சாயங்காலம் நாலே முக்கால் மணிக்கு, ஏரியின் உபரித் தண்ணீர் வழியும் கடைவாசல் பக்கம் கரைக்குக் கீழே அதைக் கொண்டுவந்து வைத்திருப்பேன். அனுமதி வந்திருந்தால் ஆசாரி பேரன் ஏறுவான். வராவிட்டால் தண்ணீரில் இறக்க மாட்டோம். தரையிலேயே மரத்தை நட்டுப் பாயை ஏற்றி, காற்று எப்படிப் பிடிக்கிறது என்று வந்திருக்கும் பிள்ளைகளுக்குக் காட்டுவேன். உங்களில் யாராவது ஒருவராவது அன்றைக்கு வந்து அந்தப் பாயின் கயிற்றைக் கொஞ்ச நேரம் கையில் பிடித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மதராஸ் சாப்பர் ஒருவன்,
ஆற்காடு.